கணைய நோய் ஆய்வுக்காக ரெசிடென்சியின் நடுவில் இரண்டு ஆண்டு விலகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் பொது அறுவை மருத்துவ ரெசிடென்சியின், அதாவது நிபுணத்துவப் பயிற்சியின், இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், ஜே-1 விசா. உங்கள் துறையில் கணைய நோய் ஆய்வுக்கென்றே இரண்டு ஆண்டுப் பயிற்சி ஃபெலோஷிப் ஒன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கும்படி ஒரு பேராசிரியர் சொல்லியிருக்கிறார். "இரண்டு ஆண்டு கத்தி பிடிக்காமல் இருப்பது வீணாகாதா?" என்பது நீங்கள் எழுத்தில் கேட்டது. ஆனால் "எல்லோரும் செய்கிறார்களே, செய்யாவிட்டால் கணைய அறுவை மருத்துவராக முடியாது என்கிறார்களே" என்ற கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் ரெசிடென்சியின் நடுவில் அப்படி விலகி ஆய்வகத்தில் இருந்து திரும்பியவன். இன்று கணைய அறுவை மருத்துவம் செய்வதோடு, இத்தகைய ஃபெலோஷிப்புக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருக்கிறேன். குடியேற்றச் சட்டம் என் துறை அன்று. அது பற்றி நான் சொல்வதை உரியவர்களிடம் உறுதிசெய்த பிறகே நம்புங்கள்.

அச்சத்துக்கான விடை எளிது. கணைய அறுவை மருத்துவராவதற்கு ஆய்வு ஆண்டுகள் கட்டாயம் அல்ல. அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம் கேட்பது ஐந்து ஆண்டுப் பயிற்சியும் அதற்குள் குறைந்தது 850 அறுவைகளும்தான். நடுவில் ஆய்வுக்கென முழுநேரமாக விலகும் ஆண்டுகளை அது கணக்கில் சேர்ப்பதும் இல்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுப் புற்றுநோய் அறுவை ஃபெலோஷிப் வழியாகவோ, ஓரிரு ஆண்டு கல்லீரல், கணையம், பித்தநாள ஃபெலோஷிப் வழியாகவோ இந்தத் துறைக்குள் வரலாம். இவற்றில் புகழ்பெற்ற இடங்கள் விண்ணப்பதாரரின் ஆய்வுப் பட்டியலைப் பார்க்கின்றன என்பது உண்மை. ஆய்வு ஆண்டு எடுக்காமல் அங்கே நுழைந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே அச்சத்தால் மட்டும் முடிவெடுக்க வேண்டாம். இந்த இரண்டு ஆண்டு யாருக்கு, எந்தப் பணத்தில், எந்தக் கேள்விக்காக என்பதைப் பொறுத்தே அது பயனோ வீணோ ஆகிறது.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் நிலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது அதுவே. 'பயிற்சி ஃபெலோஷிப்' என்று துறைகள் பெருமையோடு சொல்வது பெரும்பாலும் டி32 எனப்படும் நல்கை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., இதைத் தருகின்றன. 1974-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுச் சட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. பணம் பல்கலைக்கழகத்துக்கு வரும். யாரை அமர்த்துவது என்பதைத் துறையே முடிவுசெய்யும். தனி மனிதர் தன் ஆய்வுத் திட்டத்தை எழுதி நேரடியாகப் போட்டியிட்டுப் பெறுவது எஃப்32, அது வேறு. இரண்டுக்கும் பொதுவான ஒரு விதியை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது: அமர்த்தப்படும் நாளில் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ இருக்க வேண்டும். ஜே-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவரை டி32-இல் அமர்த்த முடியாது. இதில் விலக்குக் கேட்டுப் பயனில்லை. உங்களை ஊக்கப்படுத்திய பேராசிரியர் இதை மறந்திருக்கலாம், அல்லது அவர் மனதில் வேறு பண வழி இருக்கலாம். எது என்பதை இந்த வாரமே கேளுங்கள்.

வேறு வழிகள் உண்டு. வழிகாட்டியிடம் ஆர்01 போன்ற சொந்த ஆய்வு நல்கை இருந்தால், அதிலிருந்து உங்களுக்கு ஊதியம் தரலாம். அங்கே குடியுரிமை நிபந்தனை இல்லை. துறையின் சொந்த நிதி, நன்கொடையாளர் அறக்கட்டளை நிதி, அறுவை மருத்துவச் சங்கங்களின் ரெசிடென்ட் ஆய்வு விருதுகள் ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றின் தகுதி விதியையும் தனித்தனியே படிக்க வேண்டும். இவற்றில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். டி32-இல் இருப்பவர் பயில்பவராகவே கருதப்படுவார். அவருக்கு வருவது ஊதியமன்று, உதவித்தொகை. ஆர்01-இலிருந்து பணம் பெறுபவர் அந்த ஆய்வின் வேலையைச் செய்ய வந்தவர். முன்னவருக்குத் தன் கேள்வியைத் தேடும் உரிமை ஓரளவு விதியிலேயே உண்டு. பின்னவருக்கு அது வழிகாட்டியின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

விசாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 பொதுவாக ஏழு ஆண்டுக்கு மேல் நீளாது. ரெசிடென்சி ஐந்து, புற்றுநோய் அறுவை ஃபெலோஷிப் இரண்டு: கூட்டினால் ஏழு முடிந்துவிட்டது. நடுவில் வரும் ஆய்வு ஆண்டுகள் எந்தப் பிரிவில் வைக்கப்படும், அந்தப் பிரிவிலிருந்து மீண்டும் மருத்துவப் பயிற்சிக்குத் திரும்ப என்ன நிபந்தனை என்பதை, உங்கள் மருத்துவமனையில் விசாப் பணியைப் பார்க்கும் அலுவலரிடமும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே சம்மதம் சொல்லுங்கள். நீங்கள் கேள்வியில் குறிப்பிட்ட, எச்-1பி-யில் இருக்கும் உங்கள் நண்பருக்கு மொத்த வரம்பு ஆறு ஆண்டு. ஆய்வு ஆண்டுகளும் அதே விசாவில் கழிந்தால் அந்த ஆறுக்குள்தான் அடங்க வேண்டும்.

இதே கேள்வியோடு வரும், குடியுரிமை உள்ள வாசகர்களுக்காக டி32-இன் மற்ற விதிகளையும் சொல்லிவைக்கிறேன். 2024-இல், முன் அனுபவம் ஏதுமற்ற, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய நிலைப் பயிற்சியாளருக்கான ஆண்டு உதவித்தொகை 61,008 டாலர்; ரெசிடென்சியில் கழித்த ஆண்டுகள் அனுபவமாகக் கணக்கிடப்படுவதால் ரெசிடென்டுக்கு அது கூடும். பல துறைகள் தம் நிதியிலிருந்து வித்தியாசத்தைச் சேர்த்து ரெசிடென்ட் சம்பளத்துக்கு நிகராக்குகின்றன. எல்லாத் துறையும் செய்வதில்லை. பலர் கையெழுத்திடும்போது படிக்காத பகுதி ஒன்று உண்டு. முதல் பன்னிரண்டு மாதம் பெறும் உதவிக்கு, மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில் ஆய்வாகவோ கற்பித்தலாகவோ திருப்பிச் செலுத்தும் கடமை ஏற்படுகிறது. பதின்மூன்றாம் மாதத்திலிருந்து நீங்கள் செய்யும் பயிற்சியே அந்தக் கடமையைக் கழித்துக்கொண்டு வரும். ஆகவே இரண்டு ஆண்டு முழுதும் இருந்தவருக்குக் கடன் பூஜ்யம்; ஓராண்டில் விலகியவருக்கோ பன்னிரண்டு மாதக் கடன் அப்படியே நிற்கும், செய்யத் தவறினால் வட்டியோடு பணமாகக் கட்ட வேண்டியதுதான். 'ஓராண்டு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்' என்ற யோசனை எவ்வளவு விலை உயர்ந்தது என்று இதிலிருந்து தெரியும்.

நேரமும் பணத்தோடு கட்டுண்டது. டி32 முழுநேரப் பயிற்சி. வாரம் 40 மணி நேரத்தை ஆய்வுப் பயிற்சிக்கே தர வேண்டும், அந்தப் பயிற்சியின் அங்கமல்லாத மருத்துவப் பணியை அந்த நேரத்தில் சுமத்தக் கூடாது. அதற்கு மேல் சராசரியாக வாரம் பத்து மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேறு பணி பார்க்க விதி இடம் தருகிறது. ஆள் குறைந்த துறைகளில் இந்த எல்லை மெல்ல மெல்லக் கரைவதை நான் கண்டிருக்கிறேன்: முதலில் மாதம் ஒரு இரவுப் பணி, பிறகு வார இறுதி, பிறகு மாற்று அறுவைக்காக உறுப்பு எடுக்கும் குழுவில் ஓர் இடம். துறை நிதியில் ஆய்வுக்கு வருபவருக்கு டி32 விதியின் பாதுகாப்பும் இல்லை. எனவே உங்கள் விஷயத்தில் இரவுப் பணி எத்தனை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, இரண்டு ஆண்டில் கணையத்தைப் பற்றி என்னதான் செய்துவிட முடியும் என்ற கேள்வி. ஃபெலோஷிப் முடிந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்தால், பெரும்பாலானோர் சோம்பேறிகள் அல்லர். காலத்துக்குப் பொருந்தாத கேள்வியைத் தேர்ந்தவர்கள். கணையப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட கட்டிகளில் கேராஸ் மரபணுத் திரிபு இருக்கிறது. அதையும் பி53 மரபணுத் திரிபையும் கணையத்தில் மட்டும் விழிக்கச் செய்து 2005-இல் உருவாக்கப்பட்ட கே.பி.சி. சுண்டெலி, மனித நோயை மிக நெருக்கமாக ஒத்திருப்பதால் இன்றும் பல ஆய்வகங்களின் முதுகெலும்பு. ஆனால் அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு திரிபுகளும், அவற்றைக் கணையத்தில் விழிக்கச் செய்யும் மாற்றமும், ஆக மூன்று மரபணு மாற்றங்களும் ஒரே குட்டியில் சேர வேண்டும். பெற்றோரிடம் ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதியாக இருந்தால் எட்டுக் குட்டிகளில் ஒன்றுதான் பயன்படும். அந்தக் குட்டி ஏறத்தாழ ஐந்து மாதம் வாழும். விலங்கு ஆய்வுக்குழுவின் அனுமதிக்குச் சில மாதம், இனப்பெருக்கத்துக்குச் சில மாதம், மருந்து கொடுத்து ஆயுளை ஒப்பிட ஆறு மாதம், முதல் முறை பிழைத்தால் மறுபடி. சுண்டெலிக் கூட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஆய்வகத்தில் இது இரண்டு ஆண்டில் முடியும். புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்தில் முடியாது.

கணைய அழற்சி ஆய்வில் வேறு வேகம். செருலீன் என்ற பொருளை மணிக்கொரு முறை ஊசியாகச் செலுத்தினால் சுண்டெலிக்கு ஒரு நாளுக்குள் அழற்சி வந்துவிடும். வாரத்துக்கு ஒரு பரிசோதனை செய்து, பிழைகளிலிருந்து விரைவாகக் கற்கலாம். முன்னர் ஆய்வகம் பார்த்திராத ரெசிடென்டுக்கு இது நல்ல பள்ளி. ஆனால் அந்த மென்மையான அழற்சி, நம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கணையம் அழுகிக் கிடக்கும் நோயாளியின் நோயைப் போன்றதுதானா என்பது அழற்சி ஆய்வாளர்களிடையே ஓயாத விவாதம். மருந்துகள் சுண்டெலியில் வென்று மனிதரில் தோற்ற வரலாறு இந்தத் துறையில் நீளமானது.

மூன்றாவது வழியில்தான் அறுவை மருத்துவருக்கு வேறெவருக்கும் இல்லாத பலம் இருக்கிறது: மனிதத் திசு. கணையம் தன் செரிமான நொதிகளாலேயே தன்னைச் சிதைத்துக்கொள்ளும் உறுப்பு, ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதி அதில் மிகுதி. இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் விப்பிள் அறுவையில் எந்த இரத்தக்குழாய் எப்போது கட்டப்பட்டது, துண்டு எப்போது மேசையை விட்டு வந்தது, எந்த ஓரத்தை நோயியல் துறைக்குத் தொடாமல் விட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் திரவ நைட்ரஜன் குடுவையோடு அறுவை அரங்கின் வாசலில் நிற்பதற்கும், ஒரு மணி நேரம் கழித்து ஆய்வக உதவியாளர் வந்து எடுத்துப்போவதற்கும் முடிவில் பெரிய வேறுபாடு உண்டு. 2015 முதல் மனிதக் கணையக் கட்டியிலிருந்து ஆர்கனாய்டு, அதாவது ஆய்வகத்தில் வளரும் முப்பரிமாணச் செல் திரள், வளர்க்கும் முறை நிலைபெற்றுவிட்டதால், இந்தப் பலத்தின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவரோடு செல் வளர்ப்பில் போட்டியிட்டு நீங்கள் வெல்லப்போவதில்லை. அவருக்குக் கிடைக்காத திசுவும், அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற அறிவும் உங்களிடம் இருக்கின்றன. அந்த இடத்தில் நில்லுங்கள்.

ஆய்வகமே வேண்டாம், தரவு ஆய்வு போதும் என்று நினைப்பவர்களை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆண்டுக்கு மிகச் சில கணைய அறுவைகளே செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடும், அதிகம் செய்யும் இடங்களில் 3.8 விழுக்காடும் என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு, முதியோர் காப்பீட்டுத் தரவை வைத்துச் செய்யப்பட்டதே. எந்தச் சுண்டெலி ஆய்வைவிடவும் அது உடனடியாக உயிர்களைக் காத்திருக்கும் என்று நான் கருதுகிறேன். ஆனால் தேசியத் தரவுத்தளத்தில் பொத்தானை அழுத்தி மாதம் ஒரு கட்டுரை எழுதுவது பயிற்சி ஆகாது. அறுவைக்குப் பின் நேரும் கணையக் கசிவின் வரையறையே 2005-இல் ஒன்று, 2016-இல் திருத்தப்பட்ட பிறகு வேறு. முன்பு 'ஏ' தரக் கசிவு எனப்பட்டதைப் பின்னர் கசிவுக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இதை அறியாமல் இரு காலத் தரவையும் கலந்து எழுதப்பட்ட விண்ணப்பக் கட்டுரைகள் ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு வருகின்றன. இந்த வழியில் போவதானால் புள்ளியியலில் முறையான முதுகலைப் படிப்பை அந்த இரண்டு ஆண்டுக்குள் வாங்கித் தரச் சொல்லுங்கள். தட்டச்சும் பொறுமையும் மட்டும் போதாது. நெதர்லாந்தின் கணைய அழற்சி ஆய்வுக்குழு இன்னொரு முன்மாதிரி. அழுகிய கணையத்தை உடனே திறந்து அகற்றுவதைவிட, முதலில் குழாய் வைத்து வடித்துப் படிப்படியாகப் போவதே மேல் என்று 2010-இல் அவர்கள் காட்டியது 19 மருத்துவமனைகளின் 88 நோயாளிகளை வைத்துத்தான். அக்குழுவின் சோதனைகளை நாள்தோறும் ஓட்டியவர்களில் பலர் முனைவர் பட்ட ஆய்விலிருந்த இளம் மருத்துவர்கள். அங்கே ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் முடிப்பார். அமெரிக்க இரண்டாண்டு ஃபெலோஷிப்பில் அந்தத் தொடர்ச்சி அரிது. உங்கள் துறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்குப் பிடித்தது: ஊரில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, குடிப்பழக்கமே இல்லாத இளைஞர்களுக்குக் கணையம் முழுதும் கல்லும் சர்க்கரை நோயும் வந்ததைப் பார்த்து வியந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட வெப்பமண்டலக் கணைய அழற்சி அது. அத்தகைய நோயாளிகளில் கணிசமானோரிடம் ஸ்பிங்க்1 மரபணுத் திரிபு கண்டறியப்பட்டிருக்கிறது. உங்கள் உள்ளத்தில் உண்மையில் இருக்கும் கேள்வி இதுவானால், கட்டியை மட்டும் ஆராயும் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு இருந்து சலித்துப்போவீர்கள். நாட்பட்ட அழற்சி, நீரிழிவு, புற்றுநோய் மூன்றையும் சேர்த்துப் பார்க்க என்.ஐ.எச். 2015-இல் தொடங்கிய பன்மையக் கூட்டமைப்பில் பங்கேற்ற வழிகாட்டியைத் தேடலாம்.

வழிகாட்டியைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. பெயரைப் பார்க்காதீர்கள், அவரிடம் கடைசியாக ஆய்வு செய்த ரெசிடென்டுகள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களின் முதன்மைக் கட்டுரை ஃபெலோஷிப் முடிவதற்குள் வந்ததா, எத்தனை நாளுக்கு ஒருமுறை அவரோடு தனியே பேச முடிந்தது என்று அவர்களிடமே கேளுங்கள். நாளெல்லாம் அறுவை அரங்கில் இருக்கும் பேராசிரியர் நல்ல மனிதராக இருந்தும் நல்ல வழிகாட்டியாக இல்லாமல் போகலாம். அத்தகைய இடங்களில், ஆய்வகத்தை உண்மையில் நடத்தும் உயிரியலாளர் ஒருவரை இரண்டாம் வழிகாட்டியாக முறைப்படி எழுதி வைத்துக்கொள்வது உங்களைக் காப்பாற்றும். அவரது நல்கை எப்போது முடிகிறது என்பதையும் கேளுங்கள். ஆர்01-இலிருந்து சம்பளம் பெறப்போகும் உங்களுக்கு அது நாகரிகக் குறைவான கேள்வி அல்ல.

ஐயத்துக்குரியதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொது அறுவை ரெசிடென்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் முழுநேர ஆய்வுக்காக விலகுகிறார்கள் என்று 2009-இல் ஒரு தேசிய அளவிலான கணக்கெடுப்பு காட்டியது. அப்படி விலகியவர்கள் பின்னர் பல்கலைக்கழகப் பணியில் அதிகம் இருக்கிறார்கள், கூடுதலாக எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்ததே. ஆனால் ஆய்வு ஆண்டுகள் அவர்களை அப்படி ஆக்கினவா, அல்லது முன்பே அந்த நாட்டம் உள்ளவர்கள்தான் அந்த ஆண்டுகளைத் தேர்ந்தார்களா என்பதை இத்தகைய ஒப்பீடுகளால் பிரித்தறிய முடியாது. என் சொந்தக் கணிப்பு, அது கணிப்பு மட்டுமே: நாட்டம் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் ஒரு மொழியைக் கற்றுத்தந்தன, இல்லாதவர்களுக்குத் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியைச் சேர்த்தன. வாரத்தில் ஒன்றரை நாளாவது ஆய்வுக்கு ஒதுக்கும் வாழ்க்கையை நீங்கள் விரும்பவில்லை என்றால், அந்த ஒரு வரிக்கு இரண்டு ஆண்டு அதிக விலை. ஊர் திரும்பி நிறைய அறுவை செய்யும் மருத்துவராவதே எண்ணம் என்றால், நேராக ஐந்தையும் முடித்து நல்ல ஃபெலோஷிப்புக்குப் போங்கள். அதில் குறை ஏதும் இல்லை.

கை மறந்துவிடுமே என்ற கவலைக்கு: மறக்கும், ஆனால் திரும்பும். மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டுப் போனவர்கள், இரண்டாம் ஆண்டோடு போனவர்களைவிட எளிதாகத் திரும்புவதாக எனக்குத் தோன்றுகிறது. துறைகள் பல இரண்டாம் ஆண்டுக்குப் பிறகே அனுப்புவது பெரும்பாலும் பணி அட்டவணை வசதிக்காக. ரெசிடென்டுகளுக்கு ஜனவரியில் நடக்கும் ஆண்டுத் தேர்வை ஆய்வுக் காலத்திலும் எழுதுங்கள். திரும்பும் முன் கடைசி மூன்று மாதம் வாரம் ஒரு நாள் அரங்கில் உதவியாளராக நிற்க அனுமதி கேளுங்கள். இப்போதைக்கு முதல் வேலை, அந்தப் பேராசிரியரிடம் போய் "என் விசாவுக்கு டி32 பொருந்தாது, எந்த நிதியில் என்னை எடுப்பீர்கள், அது இரண்டாம் ஆண்டுக்கும் உறுதியா?" என்று கேட்பதுதான். அவர் பதில் தெளிவாக இருந்தால் இங்கே மீண்டும் எழுதுங்கள். ஆய்வுக் கேள்வியைப் பற்றிப் பேசலாம்.